கோடு போடக் கற்பவர்கள்

திருநெல்வேலியில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் தேடிப்போவது ‘பிளான் போடுகிறவரை’. வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பெருமாள்புரம் பக்கம் ஏதாவது ஒரு மாடிப்படி ஏறினால் போதும். ஒரு சின்ன அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரெங்கும் பளபளக்கும் வீட்டுப் படங்கள். பெயர்ப்பலகையில் மூன்று வேலைகள் ஒரே வரியில் இருக்கும்: பிளான், அப்ரூவல், 3டி எலிவேஷன். முதலாவது வரைவுத் தொழில். இரண்டாவது கட்டட வடிவமைப்பும் அதன் சட்டமும். மூன்றாவது பாதி அனிமேஷன். கூடுதலாகக் காசு கொடுத்தால் இன்னும் கட்டாத வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவரும் வீடியோவும் கிடைக்கும்.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றில் வரைவு, கட்டட வடிவமைப்பு, கம்ப்யூட்டர் அனிமேஷன் மூன்றும் ஒரே கூரையின் கீழ்ப் பாடமாக இருப்பதைப் பார்த்து நெல்லைக்காரர் வியக்கத் தேவையில்லை. இங்கே தொழில் அந்த மூன்றையும் எப்போதோ ஒரே மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது. படிப்புதான் இன்னும் மூன்று திசையில் சிதறிக் கிடக்கிறது. அந்த மேசைக்கு வந்து சேரும் பையனுக்கும் பெண்ணுக்கும் ஓராண்டுச் சமுதாயக் கல்லூரிப் பட்டயம் எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

சமுதாயக் கல்லூரியின் வேர் 1901இல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போகிறது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் அந்தப் பெயரைப் பரப்பியது. இந்தியாவில் இந்த எண்ணம் முதலில் கால் ஊன்றியது தமிழ் பேசும் ஊர்களில்தான்: 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகச் சமுதாயக் கல்லூரி, 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் தொடங்கிய சென்னைச் சமுதாயக் கல்லூரி. சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் சென்னையில் நடத்திய மையம் இந்த மாதிரியை மற்ற ஊர்களுக்கு எடுத்துச் சென்றது. கடலைத் தாண்டி வந்ததில் நோக்கமும் மாறியது. அமெரிக்காவில் அது பல்கலைக்கழகத்துக்கு ஏறும் படிக்கட்டு. இங்கே பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், ப்ளஸ் டூவில் தவறியவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலை தேடும் பெண்கள் ஆகியோருக்கான இடமானது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், கடைசியில் சில வாரங்கள் ஒரு கடையிலோ ஆபீஸிலோ நேரடிப் பயிற்சி: இதுதான் அதன் எலும்புக்கூடு. உள்ளூர்த் தொழில்காரர்களைக் கலந்தே பாடம் வகுக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. பெரும்பாலான இடங்களில் முதலில் மறந்துபோனதும் அதுதான்.

அங்கீகாரத்தின் கதை அவ்வளவு நேரானதல்ல. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளுக்கு ஏற்பு அளித்தது. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் தென்மாவட்டங்களில் தன் பெயரில் சமுதாயக் கல்லூரிப் பட்டயங்களை வழங்கிவந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் நாடு முழுக்கப் பெரிய அளவில் இத்திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே நிறுத்திவைத்தது. நடுவில் சிக்கியவர்கள் மாணவர்கள். பிறகு பல்கலைக்கழக மானியக் குழு 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்தில் தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்து, எல்லாத் தொழிற்படிப்புக்கும் நிலை எண் கொடுத்தது. ஆக, ‘சமுதாயக் கல்லூரிப் பட்டயம்’ என்ற ஒரே பெயரில் நாலைந்து விதமான தாள்கள் புழங்குகின்றன. எந்தத் தாள் எங்கே செல்லும் என்பது சேரும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி. வெளியே வரும் நாளில்தான் பலரும் கேட்கிறார்கள்.

ஏன் அது முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 ஜூலையில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நில அளவர் 798, வரைவாளர் 236, அளவர் மற்றும் உதவி வரைவாளர் 55 என 1,089 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. அதில் கேட்ட தகுதி சிவில் பொறியியல் பட்டயம் அல்லது சர்வேயர், டிராஃப்ட்ஸ்மேன் சிவில் பிரிவுகளில் ஐடிஐ சான்றிதழ். மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ உந்துவிசை வளாகம் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் கேட்பது ஐடிஐ சான்றிதழைத்தான். அரசு வேலைதான் குறி என்றால் பேட்டை அரசு ஐடிஐக்கோ, சங்கர் நகர் பாலிடெக்னிக்குக்கோ போவதே நல்லது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது சமுதாயக் கல்லூரிக்கு நல்ல பெயரையே தரும்.

ஐடிஐக்கும் இப்போது கை வலுத்திருக்கிறது. டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இரண்டாண்டு. அதோடு ஆர்க்கிடெக்சுரல் டிராஃப்ட்ஸ்மேன், உள்ளலங்காரம், மல்டிமீடியா அனிமேஷன் எல்லாமே தேசியப் பாடப்பட்டியலில் உண்டு. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்க 2022இல் மாநில அரசு ஒப்பந்தம் போட்டது. அரசுப் பள்ளியிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இன்னொரு பக்கம் தனியார் பயிற்சி நிலையங்கள். சென்னையில் 1988இல் தொடங்கிய கேட் சென்டர் முதல் தெருவுக்கு ஒன்றாக முளைத்த சிறு நிலையங்கள்வரை ஆட்டோகேடை மூன்றே மாதத்தில் முடித்துக் கொடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சமுதாயக் கல்லூரி நிற்கிறது. சாஃப்ட்வேரை மட்டும் கற்றுக்கொடுத்தால் தனியாரிடம் வேகத்தில் தோற்கும். சான்றிதழை மட்டும் காட்டினால் ஐடிஐயிடம் தோற்கும்.

அப்படியானால் அதற்கு மிஞ்சுவது என்ன? இதற்குப் பதில் சொல்ல, பிளான் போடும் வேலை உண்மையில் எங்கே கடினமாகிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய ஆட்கள் டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் வரைந்தவர்கள். கோடு தவறினால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். தாள் கிழியாமல் சுரண்டுவது தனிக் கலை. அம்மோனியா பிரின்ட் எடுக்கும் கடையின் நெடி அந்தத் தலைமுறைக்கு மறக்காது. 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட் அந்த உலகை மெல்ல மெல்லக் காலி செய்தது. சுரண்டும் தொல்லை ஒழிந்தது. கூடவே வேறு ஒன்றும் ஒழிந்தது. மேசையில் வரைந்தவர் முதல் கோட்டுக்கு முன்பே தாளின் அளவையும் வரைவின் அளவுகோலையும் முடிவு செய்தாக வேண்டும். திரையில் எல்லாமே முழு அளவில் வரையப்படுகிறது, அளவுகோல் பிரின்ட் எடுக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தோடு பிளான்கள் சைட்டுக்குப் போகின்றன; கொத்தனார் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தன் போக்கில் கட்டுகிறார்.

நெல்லைச் சீமையில் வரைபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் மூன்று அளவு முறைகளுக்கு நடுவே நாள்தோறும் தாவிக்கொண்டே இருக்கிறார். நிலம் சென்ட் கணக்கில் வாங்கப்படுகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அனுமதிக்கான வரைபடம் மீட்டரில் போக வேண்டும். கொத்தனாரின் டேப் அடியும் அங்குலமும் பேசுகிறது. மூன்று சென்ட் என்று வீட்டுக்காரர் சொல்வது விதிப்புத்தகத்தில் 121.4 சதுர மீட்டர், கொத்தனாருக்கு 1,306 சதுர அடிச் சொச்சம். ஒன்பது அங்குலச் சுவர் வரைபடத்தில் 230 மில்லிமீட்டர், நாலரை அங்குலச் சுவர் 115. இவற்றோடு வீட்டுக்காரர் மனையடி சாஸ்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து, அறையின் உள்ளளவு எத்தனை அடி இருக்கலாம், எத்தனை அடி கூடாது என்று காட்டுவார். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் ஆசிரியர் வகுப்பில் ஜெயிக்கலாம், ஆனால் அவரிடம் படித்தவர் வாடிக்கையாளரை இழப்பார். உள்ளளவைச் சாஸ்திரத்துக்கும் வெளியளவை விதிக்கும் பொருத்திக் காட்டுவதுதான் இங்கே தொழில் திறமை. எந்தப் பன்னாட்டு மென்பொருளின் பயிற்சிப் புத்தகத்திலும் இந்தப் பாடம் இல்லை.

படிக்கட்டையே எடுத்துக்கொள்ளலாம். தளத்துக்கும் தளத்துக்கும் பத்து அடி என்றால் ஆறு அங்குல உயரத்தில் 20 படி வேண்டும். பத்து அங்குல மிதி என்றால் 19 மிதிக்கு 15 அடி 10 அங்குல ஓட்டம். மூன்று சென்ட் மனையில் அவ்வளவு நீளத்தை யார் படிக்கு விடுவார்? ஆகவே நடுவில் திரும்பும் படி. திரும்பும் இடத்தில் தலை இடிக்காத உயரம். அதன் கீழே கக்கூஸா, இன்வெர்ட்டர் வைக்கும் இடமா என்ற பேரம். இந்தக் கணக்கைத் தானாகப் போட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் விடை தவறாக வந்தால் தவறென்று தெரிய, ஒருமுறையாவது கையால் போட்டிருக்க வேண்டும். ஒரு சமுதாயக் கல்லூரி முதல் மாதம் முழுக்க மாணவர்களைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாமல் டேப்பும் பென்சிலும் கொடுத்து வகுப்பறையையே அளக்க வைத்தால், பெற்றோர் கோபப்படலாம். அது வீண் செலவல்ல.

அடுத்தது வடிவமைப்பு. இங்கே சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் நகர முடியாது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்கள் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு பெற்றவர் மட்டுமே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும். ஆனால் 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது: சட்டம் காப்பது பட்டப்பெயரை மட்டுமே, கட்டடம் வடிவமைக்கும் வேலையை மற்றவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை. நெல்லையின் மாடி அறைகளில் இத்தனை நாளாக நடந்துவருவதற்குக் கிடைத்த விளக்கம் போலத்தான் இது இருக்கிறது. ஆனாலும் அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் பதிவு பெற்ற பொறியாளரின் கையெழுத்து வேண்டியிருக்கும்போது வரைந்தவர் ஒருவர், கையெழுத்திட்டவர் இன்னொருவர் என்ற பழக்கம் தொடர்கிறது. வரைந்தவரின் பெயர் எங்கும் இருக்காது. பிழை வந்தால் மட்டும் எல்லோரும் அவரைத் தேடுவார்கள்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறை இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். சென்ட் கணக்கில் சொன்னால் ஐந்தே முக்கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவான மனை. தாமிரபரணிக் கரையின் நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் பெரும்பங்கு இதற்குள் அடங்கிவிடும். அதிகாரி வந்து பார்த்துத் திருத்திய காலம் போய், வரைபடம் விதிப்படிதான் இருக்கிறது என்று வீட்டுக்காரரே உறுதி சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது. அவர் யாரை நம்பி உறுதி சொல்வார்? வரைந்தவரை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் தமிழில் உட்கார்ந்து படித்து, சாலை அகலத்துக்கும் பக்க இடைவெளிக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்ட ஒரு வரைவாளருக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது. ஓராண்டுப் படிப்பில் ஒரு முழுப் பாடத்தை இதற்கே ஒதுக்கலாம்.

விதிப்புத்தகம் சொல்லாத பாடத்தை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் சொன்னது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறி, கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் தீவானது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு பிளான் போடும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை படுக்கையறை என்பதல்ல. தரைமட்டம் எவ்வளவு உயரம் என்பது. மனையின் சரிவு எந்தப் பக்கம், பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, மின்பெட்டி எந்த உயரத்தில் என்பதெல்லாம் வரைபடத்தில் ஏறும் விஷயங்கள். 3டி எலிவேஷனில் கண்ணாடிப் பலகணிக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும். இந்தப் பள்ளத்தாக்கின் வெயிலுக்கும் அதே நியாயம். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்குச் சுவரில் ஜன்னல் வைப்பதா, நிழல் வைப்பதா என்பது இங்கே மட்டும் எழும் கேள்வி. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தெருக்களில் திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டியவர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் உள்ளூர்க் கொத்தனார்களோடு சைட்டிலேயே நின்று, கிடைத்த தாளில் வரைந்து வரைந்து கட்டினார். ஆபீஸிலிருந்து சைட்டுக்கு வரும் தாளைவிட, சைட்டில் பிறக்கும் தாள் நன்றாகவே வேலை செய்யும் என்பதற்கு அவர் கட்டடங்கள் இன்றும் சாட்சி.

அனிமேஷனுக்கு வந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும். வரைவு வகுப்பில் சேரும் பையனுக்கு வேலை வேண்டும். அனிமேஷன் வகுப்பில் சேருபவனுக்குச் சினிமா வேண்டும். சென்னைக்கு அந்தப் பெருமை உண்டு. ‘காதலன்’, ‘இந்தியன்’ படங்களின் காலத்திலேயே இங்கே கிராஃபிக்ஸுக்குத் தேசிய விருது வந்தது. பென்டாமீடியா 2000இல் ‘சிந்துபாத்’ கதையை முழுக்க அசைவுப் பதிவு முறையில் படமாக்கி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த நிறுவனம் பிறகு சரிந்தது. 2014இல் ‘கோச்சடையான்’ அதே தொழில்நுட்பத்தோடு வந்தது. இன்று ‘டூன்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய டிஎன்இஜி நிறுவனத்துக்குச் சென்னையில் ஸ்டூடியோ இருக்கிறது, 2013இல் சென்னையில் பிறந்த சூச்சூ டிவியின் பாட்டுக்கு உலகம் முழுக்கக் குழந்தைகள் கை தட்டுகின்றன. அம்பாசமுத்திரத்துப் பிள்ளை ஆசைப்படுவதில் தவறில்லை.

ஆனால் அந்த ஸ்டூடியோவுக்குள் முதல் வேலை என்ன என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓராண்டு படித்தவரை உட்கார வைப்பது பெரும்பாலும் ரோட்டோவில்: நடிகரின் உருவத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடிட்டுப் பின்னணியிலிருந்து பிரிக்கும் வேலை. அல்லது பெயின்ட்டில்: தொங்கும் கம்பியைத் துடைத்து அழிக்கும் வேலை. நாள் முழுக்க, மாதக் கணக்கில். இந்த வேலைகளில்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைக்கிறது. தொழிலின் மேல்தளமும் உறுதியானதல்ல. ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் காட்சி மாயத்துக்கு ஆஸ்கர் கிடைத்த அதே 2013 பிப்ரவரியில், அதைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவாலாகிப்போனது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் மூழ்கியபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். இந்தத் தகவல்களை விளம்பர நோட்டீஸில் போட முடியாது. வகுப்பின் முதல் நாளில் சொல்ல முடியும்.

ஊரிலேயே அனிமேஷனுக்கு வேலை இல்லையா? இருக்கிறது, அது சினிமா வடிவில் இல்லை. வீட்டைச் சுற்றிவரும் வீடியோ, நகைக்கடை விளம்பரம், கல்யாண அழைப்பு, பள்ளிக்கூடப் பாட வீடியோ, கோயில் கொடைக்கு எல்இடி திரை. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சோலார் ஆலையும் டயர் ஆலையும் போன்ற தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பாதுகாப்புப் பயிற்சிப் படம், இயந்திரம் ஓடும் விதத்தைக் காட்டும் படம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகளுக்காக ரெட்டியார்பட்டியில் அமைத்த பொருநை அருங்காட்சியகம் போன்ற இடங்களில், மண்ணுக்குள் கிடந்த தாழியை முழுதாக எழுப்பிக் காட்ட வேண்டிய தேவை. கடைசியில் சொன்னது மூன்று படிப்புகளும் சந்திக்கும் இடம். அகழாய்வுக் குழியை அளந்து வரைய வரைவாளர் வேண்டும், அழிந்த அமைப்பை எழுப்பிப் பார்க்க வடிவமைப்பு அறிவு வேண்டும், பார்வையாளருக்குக் காட்ட அனிமேஷன் வேண்டும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நிமிடப் படம் 7,200 ஃபிரேம். ஒவ்வொன்றையும் உருவாக்கக் கம்ப்யூட்டர் பத்து நிமிடம் எடுத்தால் மொத்தம் 1,200 மணி நேரம். ஒரே இயந்திரத்தில் ஐம்பது நாள் ராப்பகலாக ஓட வேண்டும். 20 மாணவர்களுக்கு எட்டுக் கம்ப்யூட்டர் வைத்து அனிமேஷன் பட்டயம் நடத்தும் இடத்தில் யாருடைய இறுதிப் படமும் முடியாது; இணையத்தில் கிடைத்த மாதிரியை ஒட்டி நேரத்தில் கொடுத்துவிடுவார்கள். தீர்வு விலை உயர்ந்த இயந்திரத்தில் மட்டும் இல்லை. நிகழ்நேரத்தில் படம் உருவாக்கும் மென்பொருள்களைக் கற்றுக்கொடுக்கலாம், ஐந்து நிமிடத்துக்குப் பதில் முப்பது வினாடி கேட்கலாம். மென்பொருள் செலவுக்கு பிளெண்டர் போதும். 2002இல் அது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதிலேயே உருவாக்கிய லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. திருட்டு நகல் மென்பொருளில் பழகி, வேலைக்குப் போனபின் அகப்பட்டுக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

தெற்கே அனிமேஷனுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலிச் சுற்றில் தோல்பாவைக் கூத்து நடத்தியவர்கள் ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, தோளிலும் முழங்கையிலும் மூட்டு வைத்து, விளக்கொளியில் திரைக்குப் பின் ஆட்டினார்கள். எந்த மூட்டைத் தனியாக வெட்டுவது, எந்த அங்கத்தை அசையாமல் விடுவது என்று அவர்கள் எடுத்த முடிவைத்தான் இன்றைய அனிமேட்டர் உருவத்துக்கு எலும்பு பொருத்தும்போது எடுக்கிறார். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இலேயே வெட்டுருவ நிழல்களை வைத்து முழுநீளப் படம் எடுத்தவர். ஒரு கூத்துக் கலைஞரை வகுப்புக்கு அழைத்து, பாவை ஒன்றை மாணவர்கள் கையால் ஆட்டிப் பார்த்தபின் கம்ப்யூட்டரைத் திறந்தால், மூட்டு எங்கே வர வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

யார் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. பார்வையும் கையும் மட்டுமே பேச வேண்டிய தொழில்களில் வரைவும் அனிமேஷனும் முதல் வரிசையில் வருகின்றன. சைகை மொழி தெரிந்த ஒரு பயிற்றுநரை வைத்து அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு நடத்துவதைப் போல, ‘சமுதாய’ என்ற அடைமொழிக்குப் பொருத்தமான வேலை வேறு எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ நடத்தும் பள்ளியை இந்தப் பேச்சில் விட்டுவிட முடியாது. ப்ளஸ் டூ அல்லது பட்டயம் முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து மென்பொருளும் வடிவமைப்பும் கற்றுத்தருகிறது. கிராமத்துப் பிள்ளைகளால் பட்டம் இல்லாமலே உலகத்தரமான வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்த மாதிரியை அப்படியே மற்ற இடங்களில் நட முடியாது. அங்கே கற்றுக்கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒருவரே. சமுதாயக் கல்லூரிக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. அதற்கு வேலை கொடுப்பவர்கள் நூற்றுக்கணக்கான மாடி அறைகள். அவர்களைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் எழுதுவதுதான் முதலில் சொன்ன அந்த மறந்த நிபந்தனை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பயிற்சியை முன்வைக்கலாம். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கி எழுகிறது. நீர் மோதும் பக்கத்தில் சுவர், வெள்ளத்தைக் கிழித்து இரண்டாகப் பிரிக்கும் படகு முனை போல அமைந்திருக்கிறது. நான்கு மாணவர்கள் அனுமதி வாங்கி அந்தச் சுற்றுச் சுவரை டேப் பிடித்து அளக்கட்டும். அதைத் தாளில் வரைபடமும் வெட்டுத்தோற்றமுமாகப் போடட்டும். பிளெண்டரில் எழுப்பி, தண்ணீரை ஓடவிட்டு, நேர்ச் சுவருக்கும் கூர்முனைச் சுவருக்கும் நடுவே நீரோட்டம் எப்படி மாறுகிறது என்று முப்பது வினாடியில் காட்டட்டும். அளவு பிசகினால் தண்ணீர் பிசகும். மூன்று பாடங்களில் எதில் பலவீனம் என்பது ஆசிரியர் சொல்லாமலே தெரிந்துவிடும். சுலோச்சன முதலியார் 1843இல் கட்டிக்கொடுத்த பாலம், 1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு என்று அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் வேலை கிடக்கிறது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆற்றில் இறங்கி அளக்க ஏற்ற காலம் மாசி முதல் சித்திரை வரை, தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது. ஜூன், ஜூலையில் தொடங்கும் ஓராண்டுப் படிப்பில் அது கடைசி மாதங்களில் விழுந்து, நேரடிப் பயிற்சிக்கு ஒதுக்கிய வாரங்களோடு மோதும். நேரடிப் பயிற்சியை முன்னால் இழுத்து, கார்த்திகை, மார்கழிக்கு மாற்றிவிடலாம். மழையில் சைட் வேலை படுத்திருந்தாலும் மாடி அறைகளுக்கு அதுதான் ஓய்வில்லாத பருவம்: தை பிறந்ததும் வாஸ்து பூஜை போட நினைப்பவர்கள் எல்லோரும் அந்த இரண்டு மாதத்தில்தான் பிளானுக்கு வந்து நிற்பார்கள்.